இல்லாத இடத்துத் தவளை

டீச்சரிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒருத்தி நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியாது. “போய்ப் பாத்தீங்களா அக்கா?” என்று கேட்டுவிடுவார். ஒரு நாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே அந்தக் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்றேன். “அவங்க போய்ப் பாத்தாங்களா?” என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. டின்னைத் தூக்கிக்கொண்டு குடையோடு கிளம்பிவிட்டார். சித்திரபுரத்து ஆடி மழைக்குக் குடை ஒரு பொருட்டா? அது பக்கவாட்டில் அல்லவா அடிக்கும். முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தார். டின் காலி. முகத்தில் மட்டும் விருந்து சாப்பிட்ட திருப்தி.

“ஆமாங்க அக்கா. இல்லீங்க,” என்றார்.

அடக் கடவுளே! இதைத்தானே நான் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சொன்னேன்!

எழுபதுகளில் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊர் பவர்ஹவுஸில் ஷிப்ட் வேலை. சித்திரபுரத்தில் மின்சார போர்டு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். டீச்சர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். காலேஜில் விலங்கியல் பாடம் எடுப்பவர். காலேஜானாலும் பள்ளிக்கூடமானாலும் இந்தப் பக்கம் பெண் என்றால் டீச்சர்தான். ஆராய்ச்சிக்கு லீவு போட்டுவிட்டு, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி மூணாறில் வந்து இறங்கியிருக்கிறார். தனியாக வந்த பெண்ணுக்கு அறை கிடையாது என்று லாட்ஜில் கையை விரித்துவிட்டார்களாம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஜீப் டிரைவர் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். முன்னறை காலியாக இருந்தது. ஒரு வாரம் என்றுதான் வந்தார். அதற்குப் பிறகு வந்த மழைக்காலம் எல்லாம் அந்த அறை அவருடையதாகிவிட்டது.

“எதுக்கு வந்திருக்கிய?” என்று முதல் நாள் கேட்டேன்.

“தவளைக்குங்க.”

“நம்ம ஊர்த் தவளை உங்க ஊர்ல கெடைக்காதாக்கும்?”

“அதத்தான் பாக்க வந்துருக்கேனுங்க,” என்றார். கேலி செய்தவளுக்கே அது கேலி இல்லாமல் போய்விட்டது.

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான். தேயிலைக் காட்டிலும் ஏலக்காட்டிலும் கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புத் தவளை உண்டு. மழை பிடித்தால் டிக் டிக் என்று கத்தும். அதற்குப் படித்தவர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். மலை உச்சிப் புல்மேட்டில், குட்டை மூங்கில் புதரின் அடியில், இன்னொன்று இருக்கிறது. அது நல்ல ஆரஞ்சு நிறம், கனிந்த கமலாப்பழத் தோல் மாதிரி. கால் குட்டை. தவளையாகப் பிறந்தும் அதற்குத் தாவத் தெரியாது. சின்னக் குழந்தை தவழ்வதுபோல நடந்துதான் போகும். அது தனி இனம் என்பது டீச்சரின் கட்சி. மற்ற எல்லோரும் கீழே இருப்பதுதான் மேலே போய்க் குளிரில் நிறம் மாறியிருக்கிறது என்றார்கள்.

பிடித்துக் குப்பியில் போட்டு அனுப்பிக் காட்டலாமே என்றால், அங்கேதான் சனியன். ஸ்பிரிட்டில் போட்ட கொஞ்ச நாளில் ஆரஞ்சு எல்லாம் வெளுத்துப்போய் வேகவைத்த கிழங்கு மாதிரி ஆகிவிடும். கீழ்த் தவளையும் அப்படியே வெளுக்கும். இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

சரி, புல்மேட்டுக்குப் போய் அந்தத் தவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே? மாட்டார். மழைக்காலத்தில் பாதிக்கு மேல் அது இல்லாத இடத்தில்தான் அலைவார். அடிமாலிப் பக்கம் இறங்குவார். வட்டவடைக்கு ஜீப் ஏறுவார். நெல்லியாம்பதி போய் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வருவார். அங்கே இருக்கிறதா என்றால், “இல்லீங்க” என்பார். ஒவ்வொரு ‘இல்லீங்க’வையும் நகை வாங்கி வந்தவள் மாதிரிச் சொல்வார். நெல்லியாம்பதியைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. “எங்க பாலக்காட்டு மலையில இருந்திருந்தாப் பெருமையா இருந்திருக்குமுங்க. ஆனா இல்லீங்க அக்கா. கெரகம், இல்லவே இல்லீங்க.”

வட்டவடையில் பூண்டு பயிர் போட்டிருந்த ஒரு பெரியவர் இவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார். “எங்க ஊர்ல இல்லாதத எங்க ஊர்ல வந்து எதுக்குத்தா தேடுத?” என்று கேட்டாராம். “இல்லைன்னு சொல்றதுக்கும் போய்ப் பாத்துட்டுத்தானுங்க சொல்லோணும்” என்று இவர் சொல்ல, அவர் ஒரு முட்டைக்கோஸைக் கையில் கொடுத்து, ‘வீட்டுக்குப் போ தாயி’ என்று அனுப்பிவிட்டார். அந்தக் கோஸை நாங்கள் பொரியல் வைத்துச் சாப்பிட்டோம். நல்ல கோஸ்.

இந்தக் குணத்தால் எனக்கு வந்த வம்பையும் சொல்லவேண்டும். கோடி வீட்டுக்காரியின் கோழி ஒன்று காணாமல் போனது. எல்லோரும் ஓடைப் பக்கம் தேடினார்கள். டீச்சர் மட்டும் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டுக் கூண்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். திருடியதாகச் சந்தேகமா என்று ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டாள். “இல்லீங்க, உங்க ஊட்டுல இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தானுங்க பாத்தேன்” என்று இவர் சமாதானம் சொன்னார். எரிகிற நெருப்பில் எண்ணெய்! நான் நடுவில் புகுந்து, காலில் விழாத குறையாக இழுத்துக்கொண்டு வந்தேன். கோழி ஓடைப் பக்கம்தான் கிடைத்தது.

“பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கிற ஆளைப் பாத்திருக்கேன். நீங்க அதுக்கும் மேல டீச்சர்,” என்று திட்டினேன்.

“நாலாவது கால் இருக்குதான்னு குனிஞ்சு பாக்கறதுதானுங்களே என் வேலை,” என்றார்.

பிறகு அந்தக் கடைசி மழைக்காலம் வந்தது. டீச்சரின் லீவு அதோடு முடிகிறது. இனி நீட்ட முடியாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சிக்காரர் சுற்றுப்பயணமாகப் போர்டு பங்களாவில் வந்து தங்கினார். தவளை விஷயத்தில் அவர் வாக்குக்கு மறுவாக்குக் கிடையாதாம். மழையிலும் வெயிலிலும் ஒரு காக்கித் தொப்பியைக் கழற்றவே மாட்டார். அதனால் எங்களுக்கு அவர் தொப்பிக்காரர். நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வந்து தவளையைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

“அவர் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிப்போட்டா அவ்வளவுதானுங்க அக்கா. அந்தப் பழைய பேர்லயே இதையும் எழுதிப்போடுவாங்க. அப்புறம் இது இருந்ததே யாருக்கும் தெரியாது,” என்றார் டீச்சர். குப்பிகளை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.  தவளைக்காக நான் கலங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

குப்பித் தவளையை நம்பிப் பயனில்லை என்று புல்மேட்டிலிருந்து உயிரோடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஈரப் பாசி போட்டு வைக்க என் தூக்குச்சட்டியைக் கொடுத்தேன், பால் வாங்கும் சட்டியை! மேல்வாயில் துணி கட்டி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஜன்னலோரம் வைத்தோம். அது உள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம் கொடுத்தது.

“நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாவ, தெரியுமா?” என்றேன்.

“இது வாயாலதானுங்க பொழைக்கப் போவுது,” என்றார்.

எங்கள் ஊர்க் குளிரில் இட்லி மாவு தானாகப் புளிக்காது. அரைத்துக் கரைத்து, சட்டியை அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் அணைத்தாற்போல் வைத்தால்தான் விடிவதற்குள் பொங்கும். எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் துணி கட்டிய சட்டி ஜன்னலோரம் குளிரில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். ‘பாவி மக, மாவ மறந்து வச்சிட்டாளே’ என்று அக்கறையாக எடுத்து அடுப்போரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் துணியை அவிழ்த்தபோது தவளை செத்துக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தவர்தான். “ஏட்டி, நான் மாவுன்னுல்ல நெனச்சேன்,” என்று புலம்பினார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். டீச்சர் திட்டவில்லை. “அண்ணா, தெரியாம செஞ்சதுக்கு என்னங்க பண்றது,” என்று சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் வந்தார். செத்த தவளையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், குப்பிகளைப் பார்த்தார். முரட்டு மனிதர் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார்.

“இத பாருங்கம்மா. மலை ஏற ஏற நிறம் மாறும், அது புதுசில்ல. கீழ பழுப்பு, மேல ஆரஞ்சுன்னா, நடுவுல ரெண்டுங்கெட்டானா ஒண்ணு இருக்கும். அப்படி இருந்தா ரெண்டும் ஒரே ஜாதிதான். நீங்க மேலயும் கீழயும் பாத்திருப்பீங்க. நடுவுல இல்லைன்னு உங்களால காட்ட முடியுமா? இல்லாத ஒண்ண யாராலம்மா காட்ட முடியும்?”

போச்சு என்று நினைத்தேன். டீச்சரைப் பார்த்தால், அழுது சிவந்த கண்ணோடு அந்த முகம் மெதுவாக மலர்கிறது!

“முடியுமுங்க சார். இப்பவே வாங்க, போலாமுங்க,” என்றார்.

ஜீப் வந்தது. தெரியாத ஆம்பிளையோடு தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் ஏறிக்கொண்டேன். அதுதான் சாக்கு. உண்மையில் எனக்குப் பார்க்கவேண்டும் போலிருந்தது. மூணாறு தாண்டி எஸ்டேட் பாதையில் ஏறினோம். கீழ்த் தேயிலையில் டீச்சர் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். “கேளுங்க சார்.” டிக் டிக் டிக் என்று எல்லாப் பக்கமும் பழுப்புத் தவளைச் சத்தம். இன்னும் மேலே போய் மறுபடி நிறுத்தினார். அங்கே சத்தம் குறைந்தது. சோலைக்காட்டை ஒட்டிய கடைசித் தேயிலைக் காட்டில் இறங்கினோம். மழை இலையில் விழுகிற ஓசை மட்டும்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

“நடுவுன்னு நீங்க சொன்னது இதுதானுங்க சார்,” என்றார் டீச்சர்.

“கத்தலைன்னா இல்லைன்னு அர்த்தமா?” என்றார் அவர். தானே குனிந்து சருகைப் புரட்ட ஆரம்பித்தார்.

கொழுந்தெடுக்கிற பெண்கள் சோற்று நேரத்துக்கு ஒதுங்கி, சாக்கை மடித்துத் தலைமேல் போட்ட கொங்காணிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரை எத்தனையோ தடவை கேலி செய்து அனுப்பியவர்கள். “இன்னைக்கும் இல்லாததத் தேட வந்தாச்சா டீச்சரம்மா?” என்று ஒரு பாட்டமாகச் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நடந்ததை எல்லாம் கொட்டினேன். தவளை செத்தது, லீவு முடிகிறது, இன்றைக்கு இந்த மனிதர் ஒன்றென்று சொல்லிவிட்டால் எல்லாம் மண் என்று படபடவென்று சொன்னேன். “ஒரு பொம்பள இத்தன மழையில ஒத்தையா அலைஞ்சிருக்கா. சிரிக்கியளே, வெக்கமா இல்ல?” என்றேன். அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு மூத்தவள் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

“ஏய், ஆளுக்கொரு நெரை புடிங்கடி,” என்றாள்.

கொழுந்தெடுக்கும்போது ஒருத்திக்கு ஒரு வரிசை. அதைத்தான் நெரை என்பார்கள். தன் நெரையில் ஒரு செடியை விட்டாலும் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். அதனால் யாரும் விடமாட்டார்கள். அதே பழக்கத்தில் காட்டின் ஓரம் முழுக்க நெரை பிடித்து, மேலிருந்து கீழே இறங்கினார்கள். செடியின் தூர், கல்லின் அடி, சருகு, பாசி எல்லாவற்றையும் புரட்டினார்கள். டீச்சர் ஒரு நெரை, தொப்பிக்காரர் ஒரு நெரை. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தவளை என்றால் அலறுகிறவள் நான், சேற்றில் கையை விட்டுத் துழாவினேன்.

முதல் நெரையை முடித்தவள் நிமிர்ந்து கத்தினாள். “இல்ல!”

அந்தக் கோடியிலிருந்து இன்னொருத்தி, “இங்கயும் இல்ல!”

“இல்ல!”

“இல்லக்கா!”

மலையெங்கும் இல்லை இல்லை என்ற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் டீச்சர் நிமிர்ந்து நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெண்களுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. குலவை போடாத குறைதான். என் நெரையை முடித்து நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு ‘இல்லை’ என்ற சொல்லை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

கடைசியாக முடித்தவர் தொப்பிக்காரர். சில செடிகளை இரண்டாம் தடவையும் பார்த்தார். கால்சட்டை முழங்கால் வரை சேறு, கழுத்தில் ஒரு அட்டை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இல்லை,” என்றார்.

பெண்கள் கைதட்டிவிட்டார்கள்.

அங்கிருந்து சோலையைத் தாண்டிப் புல்மேட்டுக்கு நடை. மூடுபனியில் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. திடீரென்று டீச்சர் கையை உயர்த்தினார். குட்டை மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு டிக். கொஞ்சம் விட்டு இன்னொன்று. கீழே கேட்டதுபோல் இல்லை, நிதானமாக, மணி தட்டுகிற மாதிரி. தொப்பிக்காரர் மண்டியிட்டு மூங்கில் தூரை விலக்கினார். ஈர மண்ணில் அது உட்கார்ந்திருந்தது. அந்தச் சாம்பல் பனிக்குள் அந்த ஆரஞ்சைப் பார்த்ததும் எனக்கே ‘அம்மாடி’ என்று வந்தது.

அவர் உள்ளங்கையை நீட்டினார். அது தாவவில்லை. ஒரு கை, ஒரு கால், மறு கை, மறு கால் என்று நடந்து அவர் மணிக்கட்டில் ஏறியது. அவர் வாட்சைச் சுற்றிக்கொண்டு மேலே போகப் பார்த்தது. அந்த மனிதர் இன்னொரு கையால் தொப்பியைக் கழற்றினார். மழை அந்த வழுக்கைத் தலையில் விழுந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“இது தனிதாம்மா,” என்றார். “மேல இருக்கறத யார் வேணாப் புடிச்சுக் காட்டலாம். நடுவுல இல்லைன்னு பாத்து வச்சிருக்கீங்களே, அதுக்கு மேல எனக்குப் பேச்சில்ல. நீங்களே பேர் வைங்க. எவன் கேட்டாலும் நான் சொல்றேன்.”

டீச்சர் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். நானும் அழுதேன். எதற்கு வெட்கம்? ஜெயித்தவர்கள் அழுதால் என்ன?

தவளையைக் கீழே கொண்டுவரவில்லை. அதன் மூங்கில் தூரிலேயே விட்டுவிட்டோம்.

அந்தி சாய்கிற நேரத்தில் வீடு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். பகலெல்லாம் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஜீப் நிற்பதற்குள் ஓடி வந்து, “கெடச்சுதாட்டி?” என்று கேட்டார்.

“இல்ல!” என்று நான் கத்தினேன். “நடுவுல ஒண்ணுகூட இல்ல! மலையே தேடியாச்சு, இல்லவே இல்ல!”

மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாம் என்னாலதான்...” என்று ஆரம்பித்தார். டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீடுகளிலிருந்து விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். “அண்ணா, ஜெயிச்சுப் போட்டமுங்க!” என்று சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்லி முடிக்கச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நாங்கள் சிரித்த இடத்தில் எல்லாம் அவரும் சிரித்தார்.

அன்றைக்கு மாவுச் சட்டியை அடுப்போரம் வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. ஜன்னலோரமே கிடந்தது. மறுநாள் இட்லி கல்லாக வந்தது. சுவரில் எறிந்தால் சுவர் உடைந்திருக்கும். அந்தக் கல் இட்லியைக் கல்யாணச் சாப்பாடு மாதிரி மூன்று பேரும் தின்றோம்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் சட்னி இருக்குதுங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

“இல்ல,” என்றேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அடுப்படிக்குப் போய் அம்மிவரைக்கும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஆமாங்க,” என்றார்.